புதிய காரில் எட்டு இடங்களில் ஷோரூம் பெயர்: கேட்காமல் ஒட்டியதையும் கேட்காமல் பொருத்தியதையும் என்ன செய்வது?

தாமிரபரணிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். பதினொரு ஆண்டுகள் ஓட்டிய காரை விற்றுவிட்டு, மூன்று வாரங்களுக்கு முன் வங்கிக் கடனில் ஒரு புதிய பெட்ரோல் கார் வாங்கினேன். காரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை என்னிடம் ஒப்படைத்த விதம்தான் இன்னும் நெஞ்சில் நெருடுகிறது.

நல்ல நாள் பார்த்து, காலை ஒன்பது மணிக்கு டெலிவரி என்று பேசியிருந்தோம். மனைவி, மாமனார், மாமியார், பிள்ளைகள் எனக் குடும்பமே வந்திருந்தது. காரின் மேல் போர்த்தியிருந்த பட்டுத்துணியை என் மகள் இழுத்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். நான் மட்டும் காரின் பின்பக்கம் போய் நின்றுவிட்டேன். பின்கண்ணாடியின் மேல்விளிம்பு முழுவதும் ஷோரூமின் பெயர் இரண்டு அங்குல உயர எழுத்துகளில் ஒட்டப்பட்டிருந்தது. டிக்கிக் கதவில், காரின் மாடல் பெயருக்கு நேர் கீழே, அதே பெயர் வெள்ளிநிறப் பிளாஸ்டிக் எழுத்துகளாகப் பதிக்கப்பட்டிருந்தது. முன்னும் பின்னும் நம்பர் பிளேட்டைத் தாங்கும் சட்டகங்களில் பெயரோடு தொலைபேசி எண்ணும் இருந்தது. சேறு தெறிக்காமல் சக்கரங்களுக்குப் பின்னால் தொங்கும் நான்கு மட்ஃபிளாப்களிலும் அதே பெயர். ஆக, எட்டு இடங்கள். கடனைக் கட்டப்போகிற என் பெயரோ ஆர்.சி. அட்டையில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

இனிப் பணக் கணக்குக்கு வருகிறேன். எக்ஸ்-ஷோரூம் விலை 8,40,000 ரூபாய், அதற்கு 13 விழுக்காடு வாழ்நாள் வரியாக 1,09,200 ரூபாய், காப்பீடு 43,000 ரூபாய் என்பவை வரை எனக்குப் புரிந்தது. அதற்குக் கீழே சீட் கவர், மிதியடி, மட்ஃபிளாப் எல்லாம் சேர்ந்த 'எசென்ஷியல் கிட்' என்று 12,400, பெயின்ட்டின் பளபளப்புக்கு டெஃப்லான் கோட்டிங் என்று 6,500, அடிப்பகுதி துருப்பிடிக்காமல் இருக்க அண்டர்பாடி கோட்டிங் என்று 5,800, ஹேண்ட்லிங் என்று 7,000, பதிவுச் செலவு என்று 9,500 ரூபாய் வரிசையாக நின்றன. கிட்டும் கோட்டிங்கும் வேண்டாம் என்று முன்பதிவின்போதே வாய்மொழியாகச் சொல்லியிருந்தேன். அதை நினைவூட்டியபோது, டீலர் கார்களை நிறுத்திவைக்கும் யார்டிலிருந்து வண்டி வரும்போதே எல்லாம் பொருத்தப்பட்டுத்தான் வரும் என்றும், எல்லா வாடிக்கையாளருக்கும் இதே பேக்கேஜ்தான் என்றும் விற்பனை ஆலோசகர் சிரித்துக்கொண்டே சொன்னார். வாதாடத் தொடங்கினேன். அப்போது மாமனார் என் தோளைத் தொட்டு, "எமகண்டம் தொடங்கப் போகிறது, மாப்பிள்ளை, வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள்" என்றார். பணத்தைக் கட்டிவிட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

எழுத்துகளையும் ஸ்டிக்கரையும் பெயின்ட் கெடாமல் எடுக்க முடியுமா, எடுத்தால் உத்தரவாதத்துக்குப் பாதிப்பு வருமா என்பது என் முதல் ஐயம். வேண்டாம் என்று சொன்ன பொருள்களுக்குக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க இனியும் வழியிருக்கிறதா என்பது இரண்டாவது. இதையெல்லாம் பெரிதுபடுத்துவது அற்பத்தனம் என்று வீட்டில் சொல்கிறார்கள். இங்குள்ளவர்களின் கருத்தையும் அறிய விரும்புகிறேன்.

யார்டு மேலாளர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். ஒரு கார் டீலரிடம் துணைப்பொருள் பிரிவில் ஏழு ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியே வந்தவன் நான் என்பதால், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இது எப்படித் தெரியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு காரை விற்பதால் டீலருக்கு நிற்பது விலையில் சில விழுக்காடுதான். அதிலும் யார்டில் நிற்கும் கார்களுக்கு வங்கிக்குக் கட்டும் வட்டி போக மிஞ்சுவது இன்னும் குறைவு. எனவே காப்பீட்டில் வரும் பங்கு, கடன் ஏற்பாட்டில் வரும் பங்கு, துணைப்பொருள், சர்வீஸ் ஆகிய நான்கையும் வைத்துத்தான் கடை ஓடுகிறது. 'ஒரு காருக்கு இத்தனை ரூபாய் ஆக்சசரி' என்று ஒவ்வொரு விற்பனை ஆலோசகருக்கும் மாத இலக்கு உண்டு. அதை எட்டாதவருக்கு ஊக்கத்தொகை கிடையாது. உங்களிடம் சிரித்துக்கொண்டே பேசிய அந்தப் பையனும் மாதக் கடைசியில் இலக்குப் பலகையில் தன் பெயருக்கு நேரே உள்ள எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவன்தான்.

கிட்டை வாடிக்கையாளர் பார்ப்பதற்கு முன்பே யார்டில் வைத்துக் காரில் பொருத்திவிடுவதற்குக் காரணம் ஒன்றே. பொருத்தாத பொருளை வேண்டாம் என்பது எளிது. பொருத்திய பொருளைக் கழற்றச் சொல்ல, அதுவும் மாலையும் கையுமாகக் குடும்பம் நிற்கும்போது, பெரும்பாலோருக்கு மனம் வராது. ராகு காலமும் எமகண்டமும் எங்களுக்குச் சம்பளம் இல்லாத விற்பனையாளர்கள் என்று என் மேலாளர் சொல்வதுண்டு.

தள்ளுபடிக்கும் இதற்கும் உள்ள தொடர்பும் பலருக்குத் தெரிவதில்லை. விலையில் இவ்வளவுக்கு மேல் குறைக்கக்கூடாது என்று டீலர்களுக்கு நிறுவனமே கட்டுப்பாடு விதிக்கும் வழக்கம் இருந்தது. அப்படி விதித்ததற்காக 2021 ஆகஸ்டில் மாருதி சுசூகி நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குச் சென்றது. பணமாகக் குறைக்கத் தயங்கும் டீலர், "பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஆக்சசரி இலவசம்" என்று சொல்வதில் வியப்பில்லை. அந்தப் பதினைந்தாயிரம் என்பது பட்டியல் விலை. டீலரின் கொள்முதல் விலை அதைவிட மிகக் குறைவு.

உங்கள் ரசீதில் இருப்பவற்றைப் பற்றி: தொழிற்சாலையிலிருந்து ஷோரூம் வரை காரைக் கொண்டுவரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. எனவே ஹேண்ட்லிங் என்ற வரிக்கு எழுத்துமூலம் விளக்கம் கேளுங்கள். பெரும்பாலும் விளக்கம் வராது. பதிவுச் செலவிலும் கண் வையுங்கள். காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய், வங்கிக் கடன் இருப்பதை ஆர்.சி.யில் குறிக்க 1,500 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய். இவற்றோடு சாலைப் பாதுகாப்பு வரி, சேவைக் கட்டணம் ஆகியவை சேரும். எது சேர்ந்தாலும் அரசுக்குக் கட்டியதற்கு ரசீது இருக்கும், மத்திய அரசின் 'வாகன்' இணையதளத்தில் உங்கள் வண்டி எண்ணைக் கொடுத்து அதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். அந்த ரசீதுகளின் கூட்டுத்தொகைக்கும் 9,500-க்கும் உள்ள இடைவெளிக்கு என்ன பெயர் என்று டீலர்தான் சொல்ல வேண்டும்.

உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டுக்கென்று தனியாக வாங்கியிருந்தால் அதையும் கேளுங்கள். 2019 ஏப்ரல் 1 முதல் அதை நிறுவனமே காருடன் தர வேண்டும். முதலுதவிப் பெட்டியும் முக்கோண எச்சரிக்கைப் பலகையும் அப்படித்தான். அவற்றை எசென்ஷியல் கிட்டின் பட்டியலில் எழுதி, காருடன் வந்ததையே திரும்ப விற்ற இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி வாங்கப்போகிறவர்கள் முன்பதிவுப் படிவத்திலேயே, கையொப்பத்துக்கு மேலே, "துணைப்பொருள், கோட்டிங் எதுவும் வேண்டாம், டீலர் பெயர் எங்கும் ஒட்டவோ பொருத்தவோ கூடாது, சட்டகம் இல்லாமல் நம்பர் பிளேட் பொருத்தவும்" என்று பேனாவால் எழுதி, அதைப் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். முழுப் பணமும் கட்டுவதற்கு முன் யார்டுக்குப் போய் காரைப் பார்த்துவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது கணினியில் ஏறாது, ஐயா. யார்டில் வேலை செய்பவன் கையில் இருப்பது அச்சிட்ட வேலைச்சீட்டு மட்டுமே.

மதுரை வழக்குரைஞர்

ஆசிரியர் அவர்களுக்கு: உங்கள் வீட்டில் சொல்வதுபோல் இது அற்பமான செய்தி அன்று. ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொரு பொருளையும் வாங்கியே ஆகவேண்டும் என்று நிபந்தனை விதிப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(41)-இல், கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. 'எல்லா வாடிக்கையாளருக்கும் இதே பேக்கேஜ்தான்' என்று ஆலோசகர் சொன்னது அவர் தரப்புக்கு வலுச் சேர்க்காது, உங்கள் தரப்புக்கே உதவும்.

நீங்கள் வாய்மொழியாக மறுத்ததும், பிறகு பணம் கட்டியதும் உங்களுக்குள்ள பலவீனங்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. படிவத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒப்புதல் வாசகம் ஏதேனும் இருந்து, அதில் நீங்கள் கையொப்பமிட்டிருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் நீட்டும். ஆனால் கட்டாயத்தின்கீழ் கட்டிய பணத்தைக் கேட்கும் உரிமை அதனால் அற்றுப்போவதில்லை. ஒரு நுட்பம் மட்டும் நினைவிருக்கட்டும். 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற தலைப்பில் புகார் கொடுத்தால் அதை விசாரிக்கும் அதிகாரம் மாநில நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் உண்டு, மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. எனவே கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை, நியாயமற்ற வணிக நடைமுறை ஆகிய தலைப்புகளிலேயே உங்கள் புகாரை அமைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டீலருக்கும், நகல் ஒன்று தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்குமாக, எந்தெந்த வரிக்கு எவ்வளவு திரும்பக் கேட்கிறீர்கள் என்று ரூபாய்க் கணக்கோடு மின்னஞ்சலும் பதிவு அஞ்சலும் அனுப்பி, பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். கோபத்தை எழுதாதீர்கள்; தேதியையும் தொகையையும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். பெரும்பாலான இத்தகைய வழக்குகள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுவதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கார் வேறு ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய 2019 சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை ஐந்து முதல் பத்து லட்சம் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் 200 ரூபாய். நுகர்வோர் ஆணையங்களுக்கான 'இ-ஜாக்ரிதி' இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வழக்குரைஞர் தேவையில்லை என்பதை வழக்குரைஞராகிய நானே சொல்கிறேன். காலவரம்பு இரண்டு ஆண்டு.

காப்பீட்டைப் 'புரிந்தது' என்ற பட்டியலில் வைத்துவிட்டீர்கள். அங்கும் ஒருமுறை பாருங்கள். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு (நம் காரால் பிறருக்கு நேரும் இழப்புக்கானது) மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுக்க வேண்டும். 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு அது 10,640 ரூபாய் என 2022-இல் நிர்ணயிக்கப்பட்டது; அந்தத் தொகை எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் மாறாது. மாறுவது நம் காருக்கு நேரும் சேதத்துக்கான சொந்தச் சேதப் பகுதியும் கூடுதல் பாதுகாப்புகளும்தான். டீலர் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த அவருக்கு உரிமையில்லை என்பது 2017 முதல் நடைமுறையிலுள்ள காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. மேலும், பழைய காரை விற்றுவிட்டதாகச் சொல்கிறீர்கள். அதில் இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான சலுகை உங்கள் பெயரில் சேர்ந்திருந்தால் அதைப் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். சொந்தச் சேதப் பகுதியில் அது ஐம்பது விழுக்காடு வரை போகும். இதை டீலர் தாமாக நினைவூட்டினார் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கோவை பாலிஷ் பட்டறை

சட்டத்தை அம்மையார் சொல்லிவிட்டார். எழுத்தை எடுக்கும் வேலை என்னுடையது. கோவையில் பதினான்கு ஆண்டுகளாகப் பெயின்ட் திருத்தமும் பாலிஷும் செய்து வருகிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் இந்த வேலைக்காகவே வருகிறார்கள்.

டிக்கியில் உள்ள பிளாஸ்டிக் எழுத்துகள் இருபுறமும் பசையுள்ள நுரை டேப்பால் நிற்பவை. புதிதாக ஒட்டியவையாதலால் இப்போது எடுப்பதே நல்லது; ஓரிரு ஆண்டு வெயில் பட்டபின் எடுத்தால், சுற்றியுள்ள பெயின்ட் மங்கி, எழுத்து இருந்த இடம் மட்டும் புதிதாகத் தெரியும். முதலில் அந்த இடத்தை ஷாம்பூ நீரால் தூசியின்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் தூசியே உப்புத்தாளாக மாறிக் கீறிவிடும். பிறகு தலைமுடி உலர்த்தும் கருவியால், கையை வைத்தால் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவு மட்டும் சூடேற்றுங்கள். பட்டறையில் இருக்கும் வெப்பத் துப்பாக்கியைக் கடன் வாங்கிவந்து வீட்டில் முயல வேண்டாம். நுரை இளகியதும் தூண்டில் நரம்பை எழுத்துக்கும் தகட்டுக்கும் இடையே செலுத்தி, ரம்பம் அறுப்பதுபோல் மெதுவாக இருபுறமும் இழுத்தால் எழுத்து கையோடு வந்துவிடும். மிஞ்சிய நுரையைக் கட்டைவிரலால் உருட்டியே எடுக்கலாம். பசைக்கு நீலகிரித் தைலம் போதும். பெட்ரோல், தின்னர் இரண்டும் பெயின்ட் பக்கமே வரக்கூடாது. கடைசியில் மெழுகு போட்டுத் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஸ்டிக்கரைத் தொடுவதற்கு முன் அது கண்ணாடியின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நகத்தால் வருடிப் பாருங்கள். வெளிப்பக்கம் என்றால் கவலையில்லை. வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டுவைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுக்கலாம். உட்பக்கம் என்றால் பிளேடை எடுக்காதீர்கள். பின்கண்ணாடியில் பனி நீக்கும் டீஃபாகர் இருக்கும் மாடலாக இருந்தால், அந்தப் பழுப்புநிறக் கோடுகள் உட்பக்கத்தில்தான் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு கோடு அறுந்தால் அந்தக் கோடு முழுவதும் வேலை செய்யாது. டீலரின் பெயரை அழிக்கப்போய் டீஃபாகரை அழித்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

சட்டகம்தான் இதில் சிக்கல். உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் ஒருமுறை மட்டும் பூட்டக்கூடிய ஸ்னாப் லாக்கால் பொருத்தப்படுகிறது. சட்டகத்தையும் பிளேட்டையும் சேர்த்துத் துளைத்துப் பூட்டியிருந்தால், பூட்டை உடைக்காமல் சட்டகம் வராது. உடைத்தால் அதை மீண்டும் பயன்படுத்த முடியாது. ஆகவே வீட்டில் கை வைக்க வேண்டாம். டீலரிடமே கொண்டுபோய்ப் புதிய பூட்டுடன் மாற்றித் தரச் சொல்லுங்கள். சட்டகத்தின் விளிம்பு பிளேட்டின் இடப்பக்கத்தில் உள்ள அசோகச் சக்கர ஹோலோகிராமையோ, 'IND' என்ற எழுத்துகளையோ, அதன்கீழே லேசரால் பொறித்த எண்ணையோ மறைக்கிறதா என்றும் பாருங்கள். 2024 மே மாதத்தில் சென்னையில் வாகனங்களிலும் நம்பர் பிளேட்டுகளிலும் உள்ள ஸ்டிக்கர்கள்மேல் போக்குவரத்துக் காவல்துறை நடவடிக்கை எடுத்தது நினைவிருக்கும். மறைக்கும் சட்டகம் என்றால் மாற்றித் தரச் சொல்ல அதுவே போதுமான காரணம்.

மட்ஃபிளாப்பைக் கழற்றிப் பாருங்கள். நிறுவனமே விட்ட துளைகளில் திருகியிருந்தால் நல்லது. தகட்டில் புதிதாகத் துளையிட்டிருந்தால் அந்த விளிம்பில் பெயின்ட் இல்லை என்று பொருள். துருப்பிடிக்கும் முன் டச்-அப் பெயின்ட் தடவி மூடுங்கள். எழுத்தையும் ஸ்டிக்கரையும் எடுப்பதால் பெயின்ட் உத்தரவாதம் போய்விடாது, எடுக்கும்போது நீங்களே கீறினால் அந்தக் கீறல் மட்டும் உங்கள் கணக்கு. உண்மையில் உத்தரவாதத்துக்கு ஆபத்தானவை ஒயரை அறுத்து இணைக்கும் விளக்குகளும் ஹாரன்களும்தான். அவற்றை டீலரே பொருத்தினால்கூட எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

டெஃப்லானைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோசைக்கல்லில் பூசும் டெஃப்லானை 350 டிகிரிக்கு மேல் சுட்டுத்தான் உலோகத்தில் பிடிக்க வைக்கிறார்கள். காரின் பெயின்ட்டை அந்தச் சூட்டில் வைத்தால் பெயின்ட்டே இருக்காது. ஷோரூமில் அரைமணி நேரத்தில் தேய்த்துத் துடைப்பது பெரும்பாலும் பாலிமர் மெழுகு. சில மாதம் பளபளப்பாக இருக்கும், பல முறை கழுவினால் போய்விடும். அதே வேலையை முந்நூறு நானூறு ரூபாய் மெழுகு டப்பாவால் நீங்களே செய்யலாம். இன்னொன்று: பூஜை அன்று போனெட்டில் வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் அன்று மாலையே துடைத்தீர்களா? குங்குமச் சாயம் வெயிலில் காய்ந்தால் வெள்ளைக் காரில் ரோஜாநிறக் கறை நின்றுவிடும். டீலரின் ஸ்டிக்கரைவிட அதை எடுக்கத்தான் எனக்கு அதிக நேரம் ஆகிறது.

சக்கரபாணி தெரு

சீட் கவரைப் பற்றி யாரும் குறிப்பிடாததால் எழுதுகிறேன். உங்கள் காரில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கைக்குள் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இருக்கையின் ஓரத்தில் சிறிய துணிச்சீட்டும் தைத்திருக்கும். அப்படிப்பட்ட இருக்கையில் சாதாரண உறையை இறுக்கமாகப் போட்டால் ஏர்பேக் விரியும் வழி அடைபட்டுவிடும். அந்த மாடலுக்கென்று பக்கவாட்டுத் தையல் பிரியும்படி செய்த உறையா என்பதை உறுதி செய்யாமல் ஓட்ட வேண்டாம். என் தம்பிக்கு இதே போன்ற பேக்கேஜில் முன்புறக் கம்பித் தடுப்பு ஒன்றையும் தலையில் கட்டப் பார்த்தார்கள். அத்தகைய தடுப்புகள்மேல் நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. காரை விற்பவர்களே அதை இன்னும் விற்க முனைவது விந்தைதான்.

நாகை உப்புக்காற்று

எல்லாரும் ஒரே பக்கம் நிற்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். நான் டீலரின் ஸ்டிக்கரை எடுக்கவில்லை. அவர்கள் பட்டறைக்குப் போகும்போது தங்கள் வண்டி என்று பார்த்தவுடனே அடையாளம் காண்கிறார்கள் என்ற ஒரு நம்பிக்கை எனக்கு. மூடநம்பிக்கை என்றாலும் பரவாயில்லை. மிதியடியும் மட்ஃபிளாப்பும் எப்படியும் வாங்க வேண்டியவைதாம், வெளியே வாங்கியிருந்தால் இரண்டாயிரம் மூவாயிரம் மிஞ்சியிருக்கும், அவ்வளவே.

அண்டர்பாடி கோட்டிங்கை மட்டும் ஒட்டுமொத்தமாக ஒதுக்காதீர்கள். இக்காலக் கார்களின் உடலைத் தொழிற்சாலையிலேயே மின்பூச்சுத் தொட்டியில் முழுவதும் மூழ்கவைத்துத்தான் எடுக்கிறார்கள் என்பதையும், உள்நாட்டு ஊர்களில் அதற்கு மேல் தேவைப்படுவது அரிது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து கடல் அரைக் கிலோமீட்டர். எங்கள் தெருவில் இரும்பு கேட்டை ஆண்டுக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு கேட் இருக்காது. நான் பணம் கொடுத்துத்தான் அடித்தேன், பக்கத்தில் நின்று பார்த்தேன்: கதவின் கீழ்விளிம்பிலும் அடித்தளத்திலும் உள்ள நீர்வடி துளைகளை அடைத்துவிடாமல், சைலன்சர்மேல் படாமல் அடிக்கச் சொன்னேன். துளை அடைபட்டால் உள்ளே தங்கும் நீரே காரைத் தின்றுவிடும். திருநெல்வேலிக்காரருக்கு இது தேவையா என்றால், தேவையில்லை என்றுதான் நானும் சொல்வேன்.

தாமிரபரணிக்கரை (கேள்வி கேட்டவர்)

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. ஐந்து வாரங்களில் நடந்தவற்றைப் பதிவு செய்கிறேன்.

வழக்குரைஞர் அம்மா சொன்னபடி, கோபமில்லாமல், ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி டீலருக்கும் நிறுவனத்துக்கும் அனுப்பினேன். (முதல் வரைவில் கோபம் இருந்தது, என் மனைவி அதில் நான்கு வரிகளை அடித்துவிட்டார்.) எட்டாம் நாள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது, மறுநாளே டீலரின் பொது மேலாளர் பேசினார். ஹேண்ட்லிங் 7,000 ரூபாயை முழுவதும் திருப்பித் தந்துவிட்டார்கள். வாகன் தளத்தில் எடுத்த ரசீதுகளை நீட்டியதும், பதிவுச் செலவில் அரசுக்குப் போகாத பகுதிக்கு 'முகவர் சேவை' என்று ஒரு பெயர் கண்டுபிடித்து, அதில் பாதியைக் கொடுத்தார்கள். கோட்டிங்குகள் செய்து முடித்த வேலை என்பதால் பணம் தர இயலாது என்றார்கள். டெஃப்லான் என்று பூசிய பொருளின் பெயரையும் டப்பாவையும் காட்டுங்கள் என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு அந்த 6,500 ரூபாயையும் சேர்த்துக் காசோலை எழுதினார்கள். அண்டர்பாடி கோட்டிங்கை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். உண்மையாகவே அடித்திருந்தார்கள், துளைகளும் திறந்தே இருந்தன. அதை விட்டுவிட்டேன். சீட் கவர் எங்கள் மாடலுக்கானது இல்லை என்று தெரிந்ததால் திருப்பிக் கொடுத்து, கிட்டுக்கான தொகையில் 5,200 ரூபாய் பெற்றுக்கொண்டேன். பழைய காரின் சலுகைச் சான்றிதழை இப்போதுதான் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன்.

எழுத்துகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் மகளும் எடுத்தோம். தூண்டில் நரம்பு பாளையங்கோட்டையில் இருபது ரூபாய். ஸ்டிக்கர் கண்ணாடியின் வெளிப்பக்கம்தான் இருந்தது. நீலகிரித் தைல வாசம் தெருமுனை வரை போனதால், யாருக்குச் சளி என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து கேட்டுவிட்டுப் போனார். மட்ஃபிளாப் துளைகள் நிறுவனம் விட்டவை. பெயர் எழுதாதவை நான்கு வாங்கி மாட்டிவிட்டேன்.

மிஞ்சியிருப்பவை இரண்டு சட்டகங்கள். அவை எதையும் மறைக்கவில்லை, ஆனால் பிளேட்டோடு சேர்த்துத்தான் பூட்டியிருக்கிறார்கள். புதிய ஸ்னாப் லாக் வர இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை சட்டகத்தில் உள்ள பெயர்மேல் மட்டும், பிளேட்டில் படாமல், கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். கோவை நண்பருக்கு ஒரு கேள்வி: வெயில் சாய்ந்த நேரத்தில் பக்கவாட்டில் நின்று பார்த்தால், டிக்கியில் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளின் தடம் மட்டும் இன்னும் மெலிதாகத் தெரிகிறது. இது மிஞ்சிய பசையா, மெழுகா, அல்லது நான் நரம்பை இழுத்தபோது விழுந்த கீறலா?